சாமான் அறைக்கு எந்த பார்கோடு ஸ்கேனர்? மும்பைத் தன்னார்வக் குழுக்களுக்கான மதிப்பீடு

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். இருநூறு முந்நூறு சாமான்களைப் பலரும் மாறி மாறி எடுத்துப்போகிற ஒரு குழுவுக்கு, வயர் உள்ள, க்யூஆரையும் படிக்கிற 2டி ஸ்கேனர் ஒன்று போதும். ஜீப்ரா டிஎஸ்2208, ஹனிவெல் வாயேஜர் 1450ஜி இரண்டில் எது நல்ல விலைக்குக் கிடைத்தாலும் வாங்கலாம். லேசர் வேண்டாம், ப்ளூடூத் வேண்டாம். அதில் மிஞ்சுகிற பணத்தை ஸ்டிக்கரில் போடுங்கள். சாமானில் பார்கோடு ஒட்டிக் கணக்கு வைக்கும் இந்த ஏற்பாடு நடுவழியில் நின்றுபோகிற இடங்களில் ஸ்கேனர் கெட்டுப்போனது அபூர்வம். ஸ்டிக்கர் உரிந்ததும் எண் கொடுத்த முறை சொதப்பியதும்தான் அதிகம்.

தாராவி, சயான் கோலிவாடா, மாட்டுங்கா, செம்பூர், முலுண்ட் என்று தமிழர் வாழும் பகுதி எதை எடுத்தாலும், பொங்கல் விழா, அன்னதானம், ரத்ததான முகாம், மாலை நேர ட்யூஷன் என்று ஏதாவது நடத்தும் ஒரு குழு இருக்கும். அதற்கு ஒரு சாமான் அறையும் இருக்கும். மாடிப்படிக்குக் கீழே இருக்கலாம், யாரோ விட்டுக்கொடுத்த கடையின் பின்பக்கம் இருக்கலாம். உள்ளே அண்டா, கரண்டி, ஜமுக்காளம், தார்ப்பாய், ஸ்பீக்கர், மைக், புரொஜெக்டர், எக்ஸ்டென்ஷன் பாக்ஸ், யாரோ தானமாகக் கொடுத்த சக்கர நாற்காலி. வாசலில் ஒரு நோட்டும் கயிற்றில் கட்டிய பேனாவும். நோட்டில் "ஸ்பீக்கர் 2, முருகன் எடுத்தார்" என்று இருக்கும். எந்த முருகன், எந்த ஸ்பீக்கர், எப்போது திரும்ப வரும்? பார்கோடு தீர்த்துவைப்பது இந்த மூன்று கேள்விகளைத்தான். பூட்டைத் திறந்து யாரிடமும் சொல்லாமல் எடுத்துப்போகிறவரை எந்த ஸ்கேனரும் தடுக்காது.

ஸ்கேனர் வகைகள்

மளிகைக் கடைகளில் ஒற்றைச் சிவப்புக் கோடு அடிக்கிறதே, அது லேசர். வாயேஜர் 1200ஜி அந்த வகையில் பேர்போனது. பில் போடும் மேசையில் அதைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் லேசர் கோட்டு பார்கோடை மட்டும்தான் படிக்கும், க்யூஆரைப் படிக்காது. கண்ணாடித் திரையில் தெரியும் குறியீட்டையும் படிக்காது, ஏனென்றால் காகிதத்திலிருந்து சிதறித் திரும்பும் வெளிச்சத்தை வைத்துத்தான் அது கோட்டையும் இடைவெளியையும் பிரித்தறிகிறது. உறுப்பினர் அட்டையை வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பிவைத்தால் பாதிப் பேர் அதை போனில்தான் நீட்டுவார்கள். அந்த இடத்திலேயே லேசர் உதவாமல் போய்விடும்.

2டி ஸ்கேனர் உண்மையில் ஒரு சின்ன கேமரா. குறியீட்டைப் படமெடுத்துப் பிரித்துப் படிக்கிறது. தலைகீழாகக் காட்டினாலும் சாய்த்துக் காட்டினாலும் படிக்கும், போன் திரையையும் படிக்கும். வாயேஜர் 1450ஜி வாங்கும்போது ஒன்றைக் கவனியுங்கள்: அதே மாடல் கோட்டு பார்கோடு மட்டும் படிக்கும்படியும் விற்கப்படுகிறது, பிறகு உரிமக் கட்டணம் கட்டி 2டி ஆக்கிக்கொள்ளும் ஏற்பாடு அது. விலை குறைவாகச் சொன்னால் எது என்று கேட்டு, பில்லில் '2டி' என்று எழுதி வாங்குங்கள்.

பெயர் தெரியாத 2டி ஸ்கேனர்கள் இரண்டாயிரம் மூவாயிரம் ரூபாய்க்கே கிடைக்கின்றன. படிக்கிற வேலையை ஓரளவு ஒழுங்காகவே செய்கின்றன. குறை வேறு இடத்தில். வயர் பல மாடல்களில் உள்ளேயே பற்றவைக்கப்பட்டிருக்கும். ஸ்கேனரில் முதலில் போவது வயர் கைப்பிடிக்குள் நுழையும் கழுத்துதான். வயரைச் சுற்றிச் சுற்றிக் கட்டிவைப்பதால் உள்ளே செம்பு இழை முறிகிறது. டிஎஸ்2208இல் வயரைத் தனியாகக் கழற்றி மாற்றலாம். மலிவானதில் முழுச் சாதனமும் குப்பைக்குப் போகும். அடுத்தது அமைப்பு. ஜீப்ராவுக்கு 123ஸ்கேன் என்றும் ஹனிவெல்லுக்கு ஈஸிகான்ஃபிக் என்றும் இலவச மென்பொருள் உண்டு, அதில் வேண்டியதை டிக் செய்து ஏற்றிவிடலாம். மலிவானதற்கு ஒரு மடித்த காகிதம் மட்டும் வரும். அதில் பொடி எழுத்தில் அச்சடித்த குறியீடுகளை ஒவ்வொன்றாக ஸ்கேன் செய்துதான் அமைக்க வேண்டும். அந்தக் காகிதம் தொலைந்தால் கதை முடிந்தது. வாங்கிய அன்றே அதை போட்டோ எடுத்து வையுங்கள்.

ப்ளூடூத் ஸ்கேனர், உதாரணத்துக்கு டிஎஸ்2278, கிடங்கிலோ பெரிய நூலகத்திலோ நன்றாக இருக்கும். தன்னார்வக் குழுவின் வேலைச்சுமை வேறு மாதிரி. பொங்கலுக்கு ஒரு வாரம், விநாயகர் சதுர்த்திக்கு ஒரு வாரம், மழைக்காலத்தில் தார்ப்பாய் விநியோகம் என்று வேலை கொத்தாக வந்து, இடையில் மாதக்கணக்கில் அலமாரியில் கிடக்கும். சார்ஜ் இல்லாமல் கிடந்த பேட்டரி சரியாகத் தேவைப்படும் நாளில் கைவிடும். ஒவ்வொரு விழாவுக்கும் வேறொருவரின் லேப்டாப் என்பதால் ஒவ்வொரு முறையும் புதிதாக இணைக்க வேண்டும். ஐபோனோடு இணைத்தால் திரையில் வரும் விசைப்பலகை மறைந்துபோய், கையால் ஒரு பெயரைத் தட்டச்ச வழியில்லாமல் திணறுவார்கள். வயர் ஸ்கேனரை எந்த லேப்டாப்பில் செருகினாலும் வேலை செய்யும். ஆண்ட்ராய்டு போனில், யூஎஸ்பி சாதனத்தைச் செருக உதவும் ஓடிஜி வயர் வழியாகவும் பெரும்பாலும் ஓடும், போன் சார்ஜ் மட்டும் சீக்கிரம் இறங்கும்.

செருகியதும் செய்ய வேண்டியவை

ஸ்கேனர் கணினிக்கு ஒரு விசைப்பலகையாகத்தான் தெரியும். கர்சர் எங்கே இருக்கிறதோ அங்கே எண்ணைத் தட்டிவிட்டு கடைசியில் எண்டரை அழுத்தும். வசதியும் சிக்கலும் இரண்டும் இதிலிருந்துதான் வருகின்றன.

கணினியில் விசைப்பலகை தமிழ்99இலோ மராத்தியிலோ இருக்கும்போது ஸ்கேன் செய்தால், ஆங்கில எழுத்து கலந்த குறியீடு அர்த்தமில்லாத தமிழ் எழுத்துகளாகவோ தேவநாகரியாகவோ விழும். கேப்ஸ் லாக் போட்டிருந்தால் பெரிய எழுத்து சின்ன எழுத்தாகிவிடும். "ஸ்கேனர் கெட்டுப்போச்சு" என்று வரும் புகார்களில் கணிசமானவை இவைதான். ஸ்கேன் செய்யும் லேப்டாப்பில் விசைப்பலகையை ஆங்கிலத்துக்கு மாற்றுங்கள், குறியீட்டில் எண்களை மட்டும் வையுங்கள். இரண்டும் செய்தால் இந்தத் தொல்லை அடியோடு போகும்.

விரிதாளில் கீழே கீழே பதிவதானால் எண்டர் சரி. படிவத்தில் ஒரு கட்டத்திலிருந்து அடுத்த கட்டத்துக்குப் போவதானால் எண்டருக்குப் பதில் டேப் வரும்படி அமைக்க வேண்டும்.

மூன்றாவது வேலையைப் பலரும் விட்டுவிடுகிறார்கள்: தேவையில்லாத குறியீட்டு வகைகளை அணைத்துவிடுங்கள். புரொஜெக்டரின் அட்டைப்பெட்டியில் ஏற்கெனவே நாலைந்து பார்கோடு இருக்கும். மேசையில் இருக்கும் பிஸ்கட் பொட்டலத்தில் 890 என்று தொடங்கும் 13 இலக்க எண் இருக்கும். இந்தியாவில் பதிவான கடைப்பொருள் குறியீடு அது. ஸ்கேனரை ஸ்டாண்டில் வைத்துத் தானாகப் படிக்க விட்டால், அந்த பிஸ்கட்டையும் யார் பேரிலாவது எழுதிவிடும். கடைப்பொருள் குறியீட்டு வகைகளான ஈஏஎன், யூபிசி இரண்டையும் அணைத்துவிட்டு, க்யூஆரையும் கோட் 128 என்ற கோட்டு பார்கோடு வகையையும் மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். தயாரிப்பாளரின் வரிசை எண்ணும் சில நேரம் கோட் 128இலேயே இருக்கும். ஆகவே கோட் 128க்கு 6 இலக்கம் மட்டும் என்று நீளத்தையும் கட்டிப்போடுங்கள்.

எண் கொடுக்கும் முறை

மைக்குக்கு ஒரு எழுத்து, அண்டாவுக்கு ஒரு எழுத்து என்று அர்த்தமுள்ள குறியீடு வைக்கத்தான் எல்லோருக்கும் முதலில் தோன்றும். வேண்டாம். அலங்காரச் சாமான்களுக்கு டெகரேஷனின் முதல் மூன்று ஆங்கில எழுத்தைப் போட்டு, கோடு, 12 என்று எழுதினால், எக்செல் அதை டிசம்பர் 12 என்று எடுத்துக்கொண்டு தேதியாக்கிவிடும். பழைய எண்ணை மீட்கவும் முடியாது. 000145 என்று கொடுத்தால் முன்னால் இருக்கும் சுழியங்களை விழுங்கிவிட்டு 145 என்று காட்டும். ஸ்டிக்கரில் ஒன்று, பட்டியலில் ஒன்று என்றாகி, தேடினால் கிடைக்காது.

இப்படி வையுங்கள். சாமான்களுக்கு 100001 முதல். செயல்களுக்கு மூன்றே எண்கள்: 800001 எடுக்கிறேன், 800002 திரும்பத் தருகிறேன், 800003 பழுது. ஆட்களுக்கு 900001 முதல். முதல் இலக்கத்தைப் பார்த்தே வந்தது ஆளா, சாமானா, செயலா என்று மென்பொருள் பிரித்துக்கொள்ளும். ஆள் அட்டையில் இந்த எண் மட்டும் இருக்கட்டும். போன் எண்ணையோ ஆதாரையோ குறியீட்டுக்குள் வைக்க ஒரு தேவையும் இல்லை. அட்டை தொலைந்தால் கண்டெடுத்தவர் கையில் அந்த விவரமும் போய்ச் சேரும்.

6 இலக்கம் என்று சொல்வதற்குக் காரணம் உண்டு. கோட் 128 எண்களை இரண்டிரண்டாகச் சேர்த்து அடைக்கும். மிக மெல்லிய கோட்டின் அகலத்தை ஓர் அலகு என்று வைத்தால், 6 இலக்கத்துக்குத் தொடக்கம் 11 அலகு, மூன்று ஜோடிக்கு 33, சரிபார்ப்புக்கு 11, முடிவுக்கு 13, மொத்தம் 68 அலகு. இரண்டு பக்கமும் பத்துப் பத்து அலகு வெள்ளை இடம் கட்டாயம் வேண்டும், ஆக 88. சாதாரண லேபிள் பிரின்டர் 203 டிபிஐ, அதாவது ஒரு மில்லிமீட்டரில் 8 புள்ளி. ஒரு அலகுக்கு 3 புள்ளி கொடுத்தால் 0.375 மி.மீ.; மொத்தக் குறியீடு 33 மி.மீ. அகலம். 50க்கு 25 மி.மீ. ஸ்டிக்கரில் தாராளமாக உட்காரும். 5 அல்லது 7 இலக்கம் கொடுத்தால் ஜோடி உடைந்து குறியீடு வீணாக நீளும்.

பார்கோடு படத்தை வேர்டில் ஒட்டி மூலையைப் பிடித்து இழுத்துச் சின்னதாக்காதீர்கள். அலகு 2.6 புள்ளி, 2.3 புள்ளி என்று பின்னமாகி, பிரின்டர் சில கோட்டைத் தடிமனாகவும் சில கோட்டை மெலிதாகவும் அடிக்கும். கண்ணுக்கு அழகாக இருக்கும், ஸ்கேனர் படிக்காது.

மைக், ரிமோட், அடாப்டர் போன்ற சின்னச் சாமான்களுக்கு க்யூஆர். மிகச் சிறிய க்யூஆர் 21க்கு 21 கட்டம். பிழை திருத்தத்தை உச்ச அளவான 'எச்' நிலையில் வைத்தாலும் 17 இலக்கம் வரை கொள்ளும். நம் 6 இலக்கம் அதில் அடங்கி, கிட்டத்தட்ட 30 சதவீதம் சிதைந்தாலும் படிக்கும். சுற்றிலும் நாலு கட்டம் வெள்ளை சேர்த்து 29 கட்டம். கட்டத்துக்கு அரை மி.மீ. என்றால் 14.5 மி.மீ. சதுரம், அவ்வளவுதான். ஒரே ஒரு எச்சரிக்கை: மும்பையில் எந்த க்யூஆரைப் பார்த்தாலும் பணம் அனுப்பப் போனை எடுப்பார்கள். அன்னதானப் பந்தலில் ஸ்பீக்கர் மேல் க்யூஆர் இருந்தால் நன்கொடைக்கு என்று நினைத்து ஸ்கேன் செய்து குழம்புவார்கள். குறியீட்டுக்கு மேலேயே "சாமான் எண்" என்று அச்சிடுங்கள்.

ஸ்டிக்கர்

குரோமோ காகித ஸ்டிக்கர் மலிவு. புத்தகத்துக்கும் அட்டைப்பெட்டிக்கும் போதும். மும்பை மழையில் நாலு மாதம் ஈரம் குடித்தால் ஓரம் சுருண்டு கிழியும். மை ரிப்பன் இல்லாமல் வெப்பத்தில் அச்சாகும் கூரியர் வகை ஸ்டிக்கரைத் தொடவே தொடாதீர்கள். வெயிலில் மங்கும், சூடான ஆம்ப்ளிஃபையர் மேல் ஒட்டினால் முழுக்கக் கறுக்கும். பாதுகாப்புக்கு என்று மேலே டேப் ஒட்டினால், பல டேப்புகளில் இருக்கும் ரசாயனம் எழுத்தை இன்னும் வேகமாக அழித்துவிடும்.

எண்ணெயும் தண்ணீரும் படுகிற சாமானுக்குப் பாலியெஸ்டர் ஸ்டிக்கரும் ரெசின் ரிப்பனும்தான். சாதாரண மெழுகு ரிப்பனில் பாலியெஸ்டரில் அடித்தால் நகத்தால் சுரண்டினாலே வரும். கடையில் மாதிரி வாங்கும்போது ஒரு துளி சமையல் எண்ணெய் தடவி, பத்து நிமிடம் கழித்துத் துணியால் அழுத்தித் துடைத்துப் பாருங்கள். எது ரெசின், எது மெழுகு என்று உடனே தெரிந்துவிடும்.

முந்நூறு ஸ்டிக்கருக்காக பிரின்டர் வாங்க வேண்டியதில்லை. எண்களை எக்செலில் கொடுத்தால் லேபிள் அச்சகங்கள் வரிசையாக அடித்துக்கொடுக்கும். ஐந்தாறு குழுக்கள் சேர்ந்து செய்வதானால் டிஎஸ்சி டிடிபி-244 ப்ரோ போன்ற ஒரு பிரின்டரைப் பொதுவில் வாங்கலாம். அப்போது எண் வரிசையைக் குழுவுக்கு ஆயிரமாகப் பிரித்துக்கொள்ளுங்கள்; இல்லையென்றால் இரண்டு குழுவிலும் ஒரே 100001 இருக்கும்.

ஒட்டுவதிலும் முறை இருக்கிறது. ஐசோப்ரொப்பைல் ஆல்கஹாலால் துடைத்து, காயவிட்டு, நடுவிலிருந்து ஓரத்துக்கு அழுத்தித் தேய்த்து ஒட்டுங்கள். பசை முழுதாகப் பிடிக்க ஒரு நாளாவது விடுங்கள், அதற்குள் கழுவக் கூடாது. ஸ்பீக்கரின் சொரசொரப்பான பக்கத்தில் நிற்காது, பின்புறம் இணைப்புத் தகடு இருக்கும் வழவழப்பான இடத்தில் ஒட்டுங்கள். லோக்கல் ரயில் லக்கேஜ் பெட்டியில் ஏற்றி இறக்கும் சாமான் என்றால் மூலையிலும் விளிம்பிலும் ஒட்டாதீர்கள், தேய்வது அங்கேதான்.

பிளாஸ்டிக் நாற்காலி பாலிப்ரொப்பிலீன். சாதாரணப் பசை அதில் பிடிக்காது. ஒவ்வொரு நாற்காலிக்கும் எண் கொடுப்பதும் வீண் வேலை. அடுக்குக்கு இத்தனை என்று எண்ணிக்கையாகவே பதியுங்கள். ஜமுக்காளத்துக்கும் தார்ப்பாய்க்கும் ஓரத்து வளையத்தில் எண் அடித்த அலுமினியத் தகடு ஒன்றைக் கட்டிவிடுங்கள்.

அண்டா, குண்டான், பெரிய கரண்டி இவற்றில் எந்த ஸ்டிக்கரும் நிற்காது. அடுப்புச் சூடு ஒரு பக்கம், புளியும் தேங்காய் நாரும் போட்டுத் தேய்ப்பது ஒரு பக்கம். இதற்கு நம் ஊர்ப் பாத்திரக் கடைக்காரர் ஏற்கெனவே வழி வைத்திருக்கிறார்: பெயர் வெட்டும் மிஷின். விளிம்புக்குக் கீழே, வெளிப்பக்கம், அந்த 6 இலக்கத்தை விரல் உயரத்துக்கு வெட்டச் சொல்லுங்கள். பார்கோடை அண்டாவில் ஒட்டாமல் ஒரு அட்டையில் அச்சிட்டு அறைக் கதவின் உட்புறம் மாட்டுங்கள். ஒவ்வொரு வரியிலும் பாத்திரத்தின் பெயர், கொள்ளளவு, வெட்டிய எண், பக்கத்தில் குறியீடு. அண்டாவில் எண்ணைப் பார்த்து, அட்டையில் அந்த வரியை ஸ்கேன் செய்ய வேண்டியது. வரிக்கு வரி குறைந்தது 3 செ.மீ. இடைவெளி விடுங்கள், இல்லையென்றால் பக்கத்து வரியை ஸ்கேனர் பிடித்துக்கொள்ளும். லேமினேஷன் மங்கலான வகையாக இருக்கட்டும், பளபளப்பானது ட்யூப்லைட் வெளிச்சத்தைத் திருப்பியடித்துப் படிக்க விடாது.

கேபிளுக்கும் மைக் ஸ்டாண்டுக்கும் கோட் 128. வட்டமான பொருளில் கோடுகள் வளையல் போலக் கம்பியைச் சுற்றி வர வேண்டும், குறியீட்டின் நீளம் கம்பியின் நீளவாக்கில் போக வேண்டும். திருப்பி ஒட்டினால் பாதிக் கோடு வளைவுக்குப் பின்னால் மறைந்துவிடும். மெல்லிய கேபிளுக்கு ஸ்டிக்கரைக் கொடி மாதிரி மடித்து இரண்டு முனையும் ஒட்டிக்கொள்ளும்படி விடுங்கள். பிளக்கிலிருந்து ஒரு சாண் தள்ளி இருந்தால் செருகும்போது கிழியாது.

பெட்டிக்கு உள்ளே ஒட்டுங்கள்

இந்த மதிப்பீட்டில் வேறெதை மறந்தாலும் இதை மறக்காதீர்கள். வயர்லெஸ் மைக் செட், புரொஜெக்டர், ரத்த அழுத்தக் கருவி எல்லாம் பெட்டியோடு வருபவை. பெட்டிக்கு வெளியே குறியீடு ஒட்டுவது சுலபம், பார்க்கவும் நன்றாக இருக்கும். ஆனால் விழா முடிந்து இரவு பதினொரு மணிக்கு அசதியோடு வருகிறவர் பெட்டியைத் திறக்காமலே ஸ்கேன் செய்து வைத்துவிட்டுப் போவார். பட்டியலில் எல்லாம் வந்தாயிற்று என்று இருக்கும். அடுத்த விழாவில் திறந்தால் மைக் ஒன்றுதான் இருக்கும், ரிசீவர் இருக்காது. யார் விட்டார்கள் என்று கேட்கவும் முடியாது, ஏனென்றால் கணக்கு நேராக இருக்கிறது.

ஆகவே குறியீடு சாமானின் மேலேயே இருக்கட்டும், பெட்டியைத் திறந்தால்தான் ஸ்கேன் செய்ய முடியும் என்ற நிலை வரட்டும். ரிசீவருக்கு ஒன்று, மைக்குக்கு ஒன்று, அடாப்டருக்கு ஒன்று. மூடியின் உட்புறம் உள்ளே என்னென்ன இருக்க வேண்டும் என்று ஒரு பட்டியல். வாசலில் உட்கார்ந்திருப்பவர் சொல்ல வேண்டியது ஒரே வார்த்தைதான்: "அண்ணே, கொஞ்சம் திறந்து காட்டுங்க." ஸ்கேன் செய்வதற்காகத் திறக்கச் சொல்வதால் சந்தேகப்படுகிறார்கள் என்ற மனக்குறையும் யாருக்கும் வராது. தன்னார்வக் குழுவில் அது சின்ன விஷயமில்லை. ஒரு கேள்வியை ஆளிடம் கேட்டால் உறவு கசக்கும், பெட்டியிடம் கேட்டால் கசக்காது.

எடுக்கும்போது வரிசை: ஆள் அட்டை, 'எடுக்கிறேன்', பிறகு சாமான்கள் ஒவ்வொன்றாக. திருப்பும்போது ஆள் அட்டை கேட்காதீர்கள். 'திரும்பத் தருகிறேன்', சாமான், அவ்வளவு போதும். எடுத்தவர் ஒருவர், கொண்டுவருகிறவர் அவர் தம்பியாகவோ ஆட்டோக்காரராகவோ இருப்பார். அட்டை கேட்டால் வாசலில் வைத்துவிட்டுப் போய்விடுவார்கள். 'பழுது' என்ற மூன்றாவது குறியீடு அவசியம். அது இல்லையென்றால் உடைந்த எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் நல்லதோடு சேர்ந்து அலமாரிக்குப் போகும், அடுத்த முறை பந்தலில் வைத்துத்தான் தெரியவரும்.

மென்பொருள்

கூகுள் ஷீட்ஸ் எல்லோருக்கும் தெரிந்தது, அதிலேயே தொடங்குங்கள். எண் விழும் நெடுவரிசையை முதலிலேயே 'வெறும் எழுத்து' வடிவத்துக்கு மாற்றுங்கள். பக்கத்து நெடுவரிசையில் விலுக்கப் சூத்திரம் போட்டு, எண் விழுந்ததும் சாமானின் பெயர் வரும்படி வையுங்கள். ஸ்டிக்கர் கிழிந்து எண்ணைக் கையால் அடிக்கும்போது 100145க்குப் பதில் 100154 என்று மாற்றி அடிப்பது சகஜம். இரண்டுமே பட்டியலில் இருக்கிற எண் என்பதால் கணினிக்குத் தவறு தெரியாது. பக்கத்தில் "தார்ப்பாய்" என்று வந்தால் மைக்கைக் கையில் வைத்திருப்பவர் கவனித்துவிடுவார். நேரத்தைத் தானாகப் பதிய ஒரு சின்ன ஸ்கிரிப்ட் போடலாம். வேகவேகமாக ஸ்கேன் செய்தால் ஓரிரு வரிகளில் நேரம் விழாமல் போகும். பெயர் வரும்வரை பொறுத்து அடுத்ததை ஸ்கேன் செய்யப் பழக்குங்கள்.

ஆப்ஷீட் கூகுளுடையது. அதே ஷீட்டை போன் செயலியாக்கித் தரும். நெடுவரிசையில் 'ஸ்கேன்' என்பதை டிக் செய்தால் போன் கேமராவே ஸ்கேனர். நெட் இல்லாத அறையில் பதிந்துவைத்துப் பிறகு ஏற்றிக்கொள்ளும் வசதியும் உண்டு. மாடிப்படிக்குக் கீழே சிக்னல் வராத அறைகளுக்கு இது பெரிய உதவி. சோதனை நிலையில் 10 பேர் வரை கட்டணமில்லாமல் பயன்படுத்தலாம்.

ஸ்னைப்-ஐடி திறந்த மூல மென்பொருள். அலுவலகக் கணினிகளைக் கணக்கு வைக்க எழுதப்பட்டது என்றாலும் நமக்கும் நன்றாகப் பொருந்துகிறது. எண்ணோடு தனித்தனியாகக் கணக்கு வைக்கும் சாமான், எண்ணிக்கையாக மட்டும் கொடுத்து வாங்கும் துணைச் சாமான், கொடுத்தால் திரும்பாத செலவுச் சாமான் என்று அதில் வகை பிரித்தே இருக்கிறது. ஸ்பீக்கர் முதல் வகை, எக்ஸ்டென்ஷன் வயர் இரண்டாவது, இன்சுலேஷன் டேப்பும் பேட்டரியும் மூன்றாவது. திரும்ப வேண்டிய தேதியையும் பதியலாம். ஆனால் சர்வர், தரவுத்தளம், பேக்கப் என்று பராமரிக்க ஒருவர் வேண்டும். அந்த ஒருவர் வேலை மாறி ஊரைவிட்டுப் போனால் என்ன செய்வது என்பதற்குப் பதில் இருந்தால் மட்டும் இறங்குங்கள். பதில் இல்லையென்றால் ஷீட்ஸே மேல்.

எதைத் தேர்ந்தெடுத்தாலும், மழைக்காலம் முடிந்ததும் ஒரு முறை, பொங்கலுக்கு முன் ஒரு முறை முழு அறையையும் ஸ்கேன் செய்யுங்கள். அலமாரி அலமாரியாக எல்லாவற்றையும் ஒரு புது ஷீட்டில் விழவைத்து, பட்டியலில் இருக்கிற ஒவ்வொரு எண்ணும் அதில் எத்தனை முறை வந்திருக்கிறது என்று கவுன்ட்இஃப் சூத்திரத்தால் பாருங்கள். பூஜ்யம் வந்தால் சாமான் இல்லை. இரண்டு வந்தால் ஒரே சாமானை இரண்டு முறை ஸ்கேன் செய்திருக்கிறீர்கள், அல்லது ஒரே எண்ணில் இரண்டு ஸ்டிக்கர் அச்சாகியிருக்கிறது. இரண்டாவதைக் கண்டுபிடிக்க வேறு வழியே கிடையாது.

வாங்கும் இடம்

கிராண்ட் ரோடு ஸ்டேஷனில் இறங்கினால், எலக்ட்ரானிக்ஸ் கடைகள் நிறைந்த லேமிங்டன் ரோடு நடக்கும் தூரம்தான். ஞாயிறன்று பெரும்பாலான கடைகள் மூடியிருக்கும், சனிக்கிழமையே போய்விடுங்கள். போகும்போது நான்கு பொருள் கையில் இருக்கட்டும்: நீங்கள் அச்சிடப்போகும் ஸ்டிக்கரின் மாதிரி, அதையே கசக்கி விரித்த ஒன்று, போனில் ஒரு க்யூஆர் படம், ஒரு ஓடிஜி வயர். போனின் வெளிச்சத்தைக் குறைத்துவைத்து ஸ்கேன் செய்யச் சொல்லுங்கள். கசங்கிய ஸ்டிக்கரை ஒரு சாண் தூரத்தில் பிடித்துக் காட்டுங்கள். இந்த இரண்டிலும் தயங்கும் ஸ்கேனர் உங்கள் அறையிலும் தயங்கும்.

சொல்லும் விலையில் 18 சதவீத ஜிஎஸ்டி சேர்ந்ததா என்று கேளுங்கள். பில்லில் மாடல் எண்ணும் சாதனத்தின் வரிசை எண்ணும் இருக்க வேண்டும். வாரன்டி தருவது கம்பெனியா, கடையா என்பதை எழுத்தில் வாங்குங்கள். இணையத்தில் விலை குறைவாக இருக்கலாம், ஆனால் ஸ்டாண்டோடு வருகிறதா, வயர் சேர்ந்து வருகிறதா என்பது ஒரே மாடலிலேயே மாறும். வெறும் ஸ்கேனரை வாங்கிவிட்டு வயருக்கு மறுபடி செலவழிக்காதீர்கள்.

பெயருள்ள வயர் 2டி ஸ்கேனருக்கு ஏழாயிரத்திலிருந்து பத்தாயிரம் வரை ஒதுக்குங்கள். அது கைக்கு மீறியது என்றால் பெயரில்லாத 2டி ஒன்றை வாங்கி, மேலே சொன்ன கழுத்துப் பகுதியை முதல் நாளே கட்டிப் பாதுகாத்துப் பயன்படுத்துங்கள். ஐம்பது சாமானுக்குக் குறைவாக இருந்தால், ஒரே ஆள் சாவி வைத்திருந்தால், ஸ்கேனரே வாங்காதீர்கள். பாலியெஸ்டர் ஸ்டிக்கரில் க்யூஆர் அடித்து, ஆப்ஷீட்டோடு அவர் போன் கேமராவே போதும். அறையில் வெளிச்சம் குறைவு என்றால் ஒரு எல்இடி பல்பு மாட்டுங்கள். போன் கேமரா திணறுவதற்கு இருட்டுதான் முக்கியக் காரணம். சாமான் பெருகி, சாவி மூன்று பேரிடம் போகும்போது ஸ்கேனர் வாங்கிக்கொள்ளலாம். ஸ்டிக்கரும் எண்ணும் அப்படியே இருக்கும், எதையும் மாற்ற வேண்டியிருக்காது.